பிடோக் என்றொரு ஊர் உண்டு. பிடோக் தொகுதி எங்கே போனது?

பிடோக்கில் குடியிருக்கும் ஒருவரிடம், "ஐயா, நீங்கள் எந்தத் தொகுதி?" என்று கேட்டுப் பாருங்கள். பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பவர் ஈஸ்ட் கோஸ்ட் என்பார். பிடோக் நீர்த்தேக்கத்துப் பக்கம் இருப்பவர் அல்ஜுனிட் என்பார். மூன்றாவது ஒருவர் சற்று யோசித்துவிட்டு, "முன்பு ஒன்று, இப்போது ஒன்று, வீடு மட்டும் அதேதான்" என்று சிரிப்பார். மூவருமே பிடோக்வாசிகள். மூவரும் சொல்வதும் சரி.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவின் வட்டாரங்களிலேயே அதிக மக்கள் வசித்தது பிடோக்கில்தான். சுமார் 277,000 பேர். ஆனால், பிடோக் என்ற பெயரில் தனித்தொகுதியும் இல்லை, குழுத்தொகுதியும் இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதிக்குள் ஒரு பிரிவாக மட்டுமே அந்தப் பெயர் நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஊரின் பெயர் பழையது. 1604ஆம் ஆண்டு எரேடியா என்பவர் வரைந்த வரைபடத்திலேயே பிடோக் ஆறு குறிக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் வரைபடத்தில் அது இடம்பெற மூன்றரை நூற்றாண்டுகள் ஆயின. 1955 சட்டமன்றத் தேர்தலில் இருந்த 25 தொகுதிகளில் 'உலு பிடோக்' ஒன்று. அம்னோவின் அப்துல் ஹமீது ஜுமாட் அங்கு வென்றார். அப்போது அது கம்பங்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த கிராமப்புறம். 1959ல் தொகுதிகள் 51 ஆக உயர்ந்தபோது எல்லைகள் மாறின, உலு பிடோக் என்ற பெயரும் மறைந்தது.

அதற்குப் பிறகு நிலமே மாறிவிட்டது. 1960களில் சிக்லாப், பிடோக் குன்றுகளை வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை அப்படி உருவானதுதான். குன்று இருந்த இடம் சமதளமாயிற்று. அங்கே 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஆட்கள் வந்தால் வாக்காளர்கள் வந்ததாகத்தானே கணக்கு! 1976 பொதுத் தேர்தலில் பிடோக் தனித்தொகுதியாகப் பிறந்தது. மக்கள் செயல் கட்சியின் ஷாரி தாடின் அதன் உறுப்பினரானார். அதே தேர்தலில் பக்கத்துத் தொகுதியான கம்போங் சாய் சீயில் நின்று தோற்றவர், பின்னாளில் ஆன்சனில் வென்று வரலாறு படைத்த பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் என்பதைப் பலர் மறந்திருப்பார்கள்.

1980ல் பிடோக்கிற்குச் சட்டப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அவர்தான் எஸ். ஜெயக்குமார். உள்துறை, சட்டம், வெளியுறவு என்று பல அமைச்சுகளை ஏற்று, 2004ல் துணைப் பிரதமராகி, 2011ல் ஓய்வு பெறும் வரை, 31 ஆண்டுகள் அவர் இந்த வட்டாரத்தின் உறுப்பினர். ஆனால் அவருடைய தொகுதியின் பெயர் மட்டும் இரண்டு முறை மாறியது. 1988 வரை பிடோக் தனித்தொகுதி, பிறகு பிடோக் குழுத்தொகுதி, 1997 முதல் ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதி.

நம் சமூகத்தினர் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுதான். குழுத்தொகுதி முறை 1988ல் சட்டமானது. ஓர் அணியில் குறைந்தது ஒருவர் மலாய், இந்திய அல்லது பிற சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. சீன வாக்காளர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதிகளில் சிறுபான்மையினர் தனியாக நின்றால் வெல்வது காலப்போக்கில் கடினமாகிவிடும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பிடோக்கில் ஓர் இந்தியர் தனித்தொகுதி உறுப்பினராகியிருந்தார் என்பதும் உண்மை. "அப்படியானால் தேவை இருந்ததா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டதை வைத்து எல்லாருக்கும் உத்தரவாதம் உண்டு என்று சொல்லிவிட முடியாது என்பதே என் கருத்து. ஆனால் அந்த உத்தரவாதத்திற்குப் பிடோக் மக்கள் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

1988ல் மூன்று உறுப்பினர்களுடன் தொடங்கிய பிடோக் குழுத்தொகுதியில் போட்டி கடுமையாகவே இருந்தது. மசெக அணி சுமார் 55 விழுக்காடு பெற்றது. பக்கத்து யூனுஸ் குழுத்தொகுதியில் அது 50.9 விழுக்காட்டில் தப்பியது. 1997 தேர்தலுக்கு முன் எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது பிடோக், யூனுஸ் இரண்டு குழுத்தொகுதிகளுமே இல்லாமல் போயின. புதிதாக வந்த ஈஸ்ட் கோஸ்டில் ஆறு உறுப்பினர்கள். ஆறு பேரைத் திரட்டி நிறுத்த எதிர்க்கட்சிகளால் முடியவில்லை. 1997லும் 2001லும் வேட்புமனுத் தாக்கல் நாளன்றே அங்கு தேர்தல் முடிந்துவிட்டது.

1975ல் பிறந்த ஒருவர் அப்போதிருந்து ஈஸ்ட் கோஸ்டிலேயே வசித்தார் என்று வைத்துக்கொள்வோம். 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது. இரண்டு பொதுத் தேர்தல்களில் போட்டி இல்லை. 1999, 2005 அதிபர் தேர்தல்களிலும் திரு எஸ்.ஆர். நாதன் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக, அவர் முதன்முதலில் வாக்குச்சாவடிக்குள் கால் வைத்தது 2006 மே மாதம். வயது 30ஐத் தாண்டியிருக்கும். கட்டாய வாக்களிப்பு உள்ள நாட்டில் இப்படியும் ஒரு தலைமுறை இருந்தது.

2006 முதல் நிலைமை தலைகீழ். ஐந்து தேர்தல்களிலும் ஈஸ்ட் கோஸ்டில் பாட்டாளிக் கட்சி மோதியது. 2011ல் மசெகவுக்கு 54.8 விழுக்காடு. 2020ல் அன்றைய துணைப் பிரதமர் ஹெங் சுவீ கியட் வேட்புமனு நாளன்று எதிர்பாராமல் இங்கு வந்து நின்றும் 53.4 விழுக்காடுதான். இடையில் 2015ல் ஃபெங்ஷான் மட்டும் தனித்தொகுதியாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த தேர்தலிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டுவிட்டது.

ஊரின் மறுபாதி கதை வேறு. 2011ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி கைப்பற்றியது. ஒரு குழுத்தொகுதி மசெகவின் கையைவிட்டுப் போனது அதுவே முதல் முறை. பிடோக் நீர்த்தேக்கப் பகுதியும், காக்கி புக்கிட் பிரிவில் உள்ள பிடோக் நார்த் புளோக்குகளும் அதனுள் அடங்கும். அன்று முதல் ஒரே பிடோக் நார்த்தில் சில புளோக்குகளுக்கு ஆளுங்கட்சி உறுப்பினர், சில புளோக்குகளுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர்.

இது வாக்குச்சீட்டோடு முடியும் விஷயமன்று. 1988ல் நகர மன்றங்கள் சட்டமாக்கப்பட்டதிலிருந்து, தொகுதி எல்லை எதுவோ அதையொட்டியே நகர மன்ற எல்லையும் அமைகிறது. மின்தூக்கி பழுதானால் யாரைக் கூப்பிடுவது, சேவை, பராமரிப்புக் கட்டணத்தை எங்கே கட்டுவது என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பொறுத்தவை. புளோக் 85 உணவங்காடி நிலையம் ஃபெங்ஷானில் இருக்கிறது. புளோக் 511, 538 சந்தைகளோ அல்ஜுனிட்டில். 2013ல் இந்த இரண்டு சந்தைகளின் உயரமான பகுதிகளைச் சுத்தம் செய்யும் செலவை யார் ஏற்பது என்ற சர்ச்சை நாடாளுமன்றம் வரை போனது. காலையில் மீன் வாங்க வந்தவர்கள் தங்கள் சந்தையின் பெயரை நாடாளுமன்றச் செய்தியில் படித்தார்கள்.

கோட்டை வரைவது யார்? பிரதமர் நியமிக்கும் தேர்தல் தொகுதி எல்லை மறுஆய்வுக் குழு. அரசாங்க அதிகாரிகள் அடங்கிய அந்தக் குழு பார்ப்பது வாக்காளர் எண்ணிக்கை, புதிய வீடுகள், மக்கள் இடம்பெயர்வு. ஓர் ஊரை ஊராகவே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பழைய வட்டாரங்கள் தேய்வதும் புதியவை பெருகுவதும் உண்மைதான், எல்லைகள் மாறாமல் இருக்க முடியாது. என் குறை வேறு. மாற்றத்திற்கான காரணம், ஒவ்வொரு புளோக்கிலும் இருப்பவருக்குப் புரியும்படி விளக்கப்படுவதில்லை.

2025 மார்ச் 11ஆம் தேதி வெளியான அறிக்கையில் சாங்கிப் பக்கத்து லோயாங் பகுதி ஈஸ்ட் கோஸ்டிலிருந்து விலகியது. மரின் பரேடிலிருந்து ஜூ சியாட், சிக்லாப், சாய் சீ வட்டாரங்களின் பகுதிகள் உள்ளே வந்தன. மே 3 தேர்தலில் எட்வின் டோங் தலைமையிலான மசெக அணி 58.8 விழுக்காட்டில் வென்றது. பிடோக் பிரிவுக்கு தினேஷ் வாசு தாஸ் வந்தார். ஜெயக்குமாருக்குப் பிறகு அங்கே மீண்டும் ஓர் இந்தியர். அதே நேரத்தில், எல்லை மாறிய மரின் பரேடு-பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் யாரும் எதிர்த்து நிற்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் சேர்க்கப்பட்ட ஜூ சியாட்வாசிகள் வாக்களித்தார்கள். அந்தப் பக்கம் விடப்பட்ட அண்டை வீட்டார் அன்று வாக்களிக்கவில்லை.

உங்கள் புளோக் இப்போது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தேர்தல் துறையின் இணையத்தளத்தில் பார்க்கலாம். வாக்காளர் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் சமூக மன்றத்திற்கு அடையாள அட்டையுடன் போனாலும் பார்த்துச் சொல்வார்கள்.