ஊர் போன பிறகு வந்த ஆசை

ஒரு ஊர் எந்த நிமிடத்தில் மனசுக்குப் பிடித்துப்போனது என்று கேட்டால், பயணம் போனவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் தொடங்குவார்கள். மதுரையென்றால் நள்ளிரவிலும் ஆவி பறந்த இட்லி. கும்பகோணமென்றால் விடிகாலை டிகிரி காபி. அரியலூர் மாவட்டத்து ஊர் ஒன்றைப் பற்றி மட்டும் நான் கேட்டவர்கள் யாரும் சாப்பாட்டைச் சொன்னதில்லை; கடைத்தெருவையும் சொன்னதில்லை. “ஒண்ணுமே இல்லாத காட்டுல திடீர்னு கோபுரம் தெரிஞ்சுதுங்க” என்பார்கள். ஆள் மாறும், வருஷம் மாறும், இந்த வாக்கியம் மாறாது.

அந்த ஊர் கங்கைகொண்ட சோழபுரம். ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழர்களின் தலைநகர். இன்று ஒரு சிற்றூர். இதன் மேல் ஆசைப்பட்ட எங்கள் எல்லோருக்கும் ஒரே கதிதான். நாங்கள் வந்து சேர்ந்தபோது ஊர் போய் எழுநூறு வருஷம் ஆகியிருந்தது.

அன்று போன வழி

நான் முதலில் போனது 1980-களின் நடுவில், பெரியப்பாவோடு. கும்பகோணத்தில் ஏறிய பஸ் கொள்ளிடத்துக் கீழணைக்கு வந்ததும் நின்றுவிட்டது. அணையை ஒட்டிக் குறுகலான பாலம். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கி நின்றால் மதகுகளில் நீர் இரைகிற சத்தம், கரையில் மீன் வறுக்கிற வாசனை. அணைக்கரை தாண்டியதும் பச்சை குறைந்தது. கொஞ்ச தூரத்தில் வயல் போய்ச் செம்மண் வந்தது. தென்னை போய் முந்திரி வந்தது. காவிரிக்கரையில் வளர்ந்த பையனுக்கு அது வேறு நாடு மாதிரி இருந்தது. “இந்தக் காட்டுலயா பெரியப்பா ராஜா இருந்தாரு?” என்றேன். பெரியப்பா பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

முந்திரி மரங்களுக்கு மேலே விமானம் மட்டும் தெரிந்தது. சுற்றிலும் ஊர் இல்லை, வீதி இல்லை, தேர்முட்டி இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் பதின்மூன்று நிலைகளோடு நேர்கோட்டில் விறைப்பாக ஏறும். இது ஒன்பது நிலையோடு நிறுத்திக்கொண்டு, மேலே போகப்போக உள்வாங்கி வளையும். தஞ்சை ஆண், இது பெண் என்று சொல்வது சிற்பம் தெரிந்தவர்களின் வழக்கம். யாரையோ எதிர்பார்த்து நெடுநேரம் நின்றவர் லேசாகத் தோளைத் தளர்த்திக்கொண்டது போல எனக்குத் தோன்றியது.

கோயிலில் ஆளில்லை. மதிலோரம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்தவர் எங்களை வடக்கு வாசல் படிக்குக் கூட்டிப்போய்ச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைக் காட்டினார். சிவன் அமர்ந்திருக்கிறார், காலடியில் கைகூப்பி இருக்கிற பக்தனின் தலையில் பூச்சரத்தைச் சுற்றிவிடுகிறார். “சண்டேசர்னு சொல்லுவாங்க. இந்த ஊர எழுப்புன ராஜா ராஜேந்திரனேதான் உக்காந்திருக்காருன்னும் சொல்லுவாங்க. எதை நம்புனாலும் சரி, அந்தக் கைய மட்டும் பாருங்க தம்பி” என்றார். குளித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அப்பா தலை துவட்டிவிடுகிற பதம் அந்த விரல்களில் இருந்தது. எனக்கு அந்த நிமிடம்தான்.

மிச்ச ஊர் எங்கே?

வெளியே வந்ததும், “மிச்ச ஊர் எங்க பெரியப்பா?” என்று கேட்டேன். “பேர்ல இருக்குடா” என்றார். அப்போது புரியவில்லை. பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் புரிந்துகொண்டேன்.

உட்கோட்டை என்று ஒரு கிராமம், கோட்டை கிடையாது. ஆயுதக்களம் என்று ஒன்று. அங்கே இப்போது கடலையும் சோளமும் விளைகின்றன. மெய்க்காவல்புத்தூர், அரசனின் மெய்க்காப்பாளர்கள் குடியிருந்த இடம். சுண்ணாம்புக்குழி, கோயிலுக்கும் அரண்மனைக்கும் சுண்ணாம்பு அரைத்த இடம். கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடு. 1980-களில் மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது மேடு மாளிகையாகவே இருந்தது. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கல் போய்விட்டது, மரம் போய்விட்டது. மாடு மேய்க்கிறவர் வாயில் மட்டும் நகரத்தின் வரைபடம் தப்பியிருக்கிறது.

கங்கைக்கரை வரை படை போய்த் திரும்பிய வெற்றிக்காக 1025 வாக்கில் முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய நகரம் இது. குடங்களில் வந்த கங்கை நீரை விடுவதற்குச் சோழகங்கம் என்று ஓர் ஏரியே வெட்டினான். நீரால் ஆன வெற்றித் தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. அந்த ஏரிக்கு இன்று பெயர் பொன்னேரி. நான் பார்த்த பல கோடைகளில் தூண் இருந்த இடத்தில் கருவேலம் இருந்தது.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது ஓர் அம்மாள் நினைவுக்கு வருகிறார். சில வருஷங்களுக்கு முன் மலேசியாவின் கெடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். பக்கத்தில் கடாரங்கொண்டான் என்று ஒரு கிராமம் உண்டு, கடாரம் என்பது உங்கள் கெடாதான், ராஜேந்திரனின் கப்பற்படை அங்கே வந்து வென்றதன் நினைவாக வைத்த பெயர் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் விமானத்தையே பார்த்தவர், “எங்க ஊர அடிச்சதுக்கு இங்க ஒரு ஊருக்கே பேரா?” என்று வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் அந்தக் கிராமத்துக்குப் போய் ஊர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். பிடித்துப்போவதற்கு எது காரணம் என்று யார் சொல்ல முடியும்?

கல் போன கதை

நகரம் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குப் படையெடுப்புகளும் காலமும் மட்டும் காரணமில்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டத் தொடங்கியபோது கல் தேவைப்பட்டது. மலை தொலைவில் இருந்தது. கோயில் பக்கத்தில் இருந்தது. மதிலும், இடிந்து கிடந்த கிழக்குக் கோபுரமும் வண்டியேறின. ஊரார் மறித்தார்கள், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போயிற்று என்று 1855-ல் அச்சான ஒரு பத்திரிகைக் குறிப்பு புலம்புகிறது. சிறுவனாக நான் பாலத்தில் காத்துக்கிடந்த அணை அதுதான். பார்க்கப் போகிற ஊரின் கல்லுக்கு மேல் நின்றுகொண்டுதான் பஸ் எப்போது நகரும் என்று அலுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணுக்கு முன்னால் இல்லாததைப் பார்த்து மயங்குவது இந்த மண்ணுக்கு வருகிறவர்களின் வழக்கம் போலிருக்கிறது. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்துக் காடுமேடுகளில் சிப்பிகளையும் நத்தைக்கூடுகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பார்த்தது ஒரு கடலை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடல். பின்னால் வந்த நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862-ல் இப்பாறை அடுக்குகளில் ஒன்றுக்கு ‘அரியலூர்’ என்றே பெயர் வைத்தார். உலகத்து நிலவியல் நூல்களில் நம் ஊர் அப்படித்தான் ஏறியது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டெடுத்தது கல்லாகிப்போன மரம். பதினெட்டு மீட்டர் நீளத்தில் ஓடைக்கரையில் படுத்துக்கிடக்கிறது.

இப்படி வந்து இந்த மண்ணில் மயங்கியவர்களுக்கெல்லாம் முன்னோடி பெஸ்கி என்ற வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த அவர், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி என்ற சிற்றூருக்கு வந்து மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, கலம்பகமும் பாடினார். பிடித்துப்போன பிள்ளைக்குத்தானே வீட்டில் செல்லப்பெயர் வைப்போம்?

கோயில் கல் அணைக்குப் போனது போல, அந்தப் பழைய கடலும் இன்று போய்க்கொண்டிருக்கிறது. சிப்பி படிந்த சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகளுக்குச் சாப்பாடு. சாலையோரப் புளியமரங்கள் லாரிப் புழுதியில் நரைத்து நிற்கின்றன. ஆலைகள் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிய வைத்திருக்கின்றன, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கேயும் கன்லிஃபும் குனிந்து பொறுக்கிய தரையைத் தேடி இன்று வருகிற மாணவன் சில இடங்களில் பள்ளத்தைத்தான் பார்க்கிறான். அவனுக்காக வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் வந்திருப்பது ஆறுதல்.

இன்று

இன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போவது எளிது. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. ஆடு மேய்ந்த இடத்தில் புல்வெளி. கார் நிறுத்த இடம். 2014-ல் ராஜேந்திரன் அரியணையேறிய ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். அவன் பிறந்த ஆடித் திருவாதிரை இப்போது அரசு விழா. 2025 ஜூலையில் பிரதமரே வந்து போனார். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால், ஊர் திரும்பி வந்துவிட்டதோ என்று ஒரு நாள் மயக்கம் வரும்.

‘பொன்னியின் செல்வன்’ 2022-லும் 2023-லும் திரைக்கு வந்த பிறகு இளைஞர்கள் வேன் பிடித்து வருகிறார்கள். காலையில் பழுவேட்டரையர்களின் மேலப்பழுவூர், மதியம் இங்கே, சாயங்காலம் தாராசுரம். ஒரு நாளில் மூன்று காலத்துச் சோழநாடு! அவர்களில் ஒருவரிடம், “எப்ப மொதல்ல பார்த்தீங்க?” என்று கேட்டேன். “போன்லதான் சார், ட்ரோன் வீடியோ” என்றார். முந்திரிக்காட்டுக்கு மேலே விமானம் எழும்புகிற அந்தத் திடுக்கிடல் அவருக்கு இல்லை. வந்து சேர்ந்தபோது தெரிந்த முகத்தைச் சரிபார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பெரம்பலூருக்கு நேர்ந்தது இதைவிடச் சோகம். சென்னை–திருச்சி நாற்கரச் சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணுக்கு நேரே நிற்கிறது. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரத்தில் மோதியபோது போரின் நடுவில் இருந்த கோட்டை அது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கு அது ஒரு மொட்டைப்பாறை. ஊரைப் பிடிக்காமல் போவதற்குக்கூட இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

பழையதுதான் நல்லது என்று நான் அழவில்லை. ஆடு மேய்ந்த காலத்தின் அழகு என்பது கேட்பாரில்லாமல் கிடந்ததன் அழகு. அப்படிக் கிடந்ததால்தான் மதில் போயிற்று. இன்று ஒரு கல்லை யாரும் அசைக்க முடியாது. அன்று காதல் இருந்தது, காவல் இல்லை. இன்று காவல் இருக்கிறது, நேரம் இல்லை. வேன் அரை மணி நேரம் நிற்கிறது. அதற்குள் நந்திக்கு முன்னால் ஒரு படம், சிம்மக்கிணற்றில் ஒரு படம். வடக்கு வாசலில் பூச்சுற்றும் அந்தக் கையிடம் போவதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிடுகிறார்.

அந்த இளைஞர் கிளம்பும்போது, “சென்னைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்ல சார், அதான் அதிகம் பேருக்குத் தெரியல” என்றார். உங்கள் வீட்டுக் குழாயைக் கேளுங்கள் என்றேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். இந்தக் கோயிலின் மதிற்கல் போய்ச் சேர்ந்த கீழணையில் தேங்குகிற தண்ணீர், வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்து மயங்கி நின்றதாகக் கல்கி ‘பொன்னியின் செல்வன்’ கதையைத் தொடங்குகிற அதே ஏரி. கோயில் உலகப் பட்டியலில் ஏறிய அதே 2004-ல்தான் அந்த ஏரியிலிருந்து சென்னைக்குக் குழாய் போட்டு முடித்தார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் திட்டம். கங்கையைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தான் ஒரு ராஜா. அவன் ஊரின் கல் தடுத்த தண்ணீர் இப்போது சென்னைக்குப் போகிறது.