ஓய்வு பெற்ற கார் பந்தய சாம்பியன் மீண்டும் களத்தில் குதிப்பது ஏன்?

வாசுதேவநல்லூர்:

கார் பந்தயத்தில் ஜெயித்து கோப்பை வாங்கியாச்சு. "இனி போதும்" என்று கும்பிடு போட்டு ஒதுங்கியும் ஆச்சு. ஆனால் சில வருடம் கழித்து அதே வீரர் மறுபடியும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். கையில் காசு இருக்கு, ஊரெல்லாம் பேர் இருக்கு, வயசும் ஏறிப்போச்சு. அப்புறம் எதுக்கு இந்த ஆபத்தான வேலை?

நடிகர் அஜித்குமாரின் பந்தய அணியில் கோவை வீரர் நரேன் கார்த்திகேயன் சேர்கிறார் என்று 2025-ம் ஆண்டு அறிவிப்பு வந்ததில் இருந்து இந்த கேள்வி பலமாக எழுந்துள்ளது. அஜித் பெயர் அடிபடுவதால் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கத்து டீக்கடை பெஞ்சு வரை இந்த பேச்சு வந்துவிட்டது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் இந்த நரேன்?

பார்முலா-1 கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். 1977-ல் பிறந்தவர். இவருடைய அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனும் பந்தய வீரர்தான். கார் ராலியில் கொடிகட்டி பறந்தவர். 1996-ல் பார்முலா ஆசியா பட்டத்தை நரேன் வென்றார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக பார்முலா-1-ல் நுழைந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் 4-வது இடம் பிடித்து 5 புள்ளி எடுத்தார். டயர் பிரச்சினையால் 6 கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது. ஆனாலும் புள்ளி புள்ளிதான்.

2010-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2011, 2012-ல் எச்.ஆர்.டி. அணிக்காக மறுபடியும் பார்முலா-1. டெல்லி அருகே 2011-ல் நடந்த முதல் இந்திய பந்தயத்திலும் ஓட்டினார். பிறகு ஜப்பான் போய் பல வருடம் ஓட்டினார். 2019 நவம்பரில் ஜப்பானின் புஜி டிராக்கில் ஜப்பான், ஜெர்மனி நாட்டு கார்கள் மோதிய பந்தயத்தில் முதலிடம் பிடித்தார். 2021-ல் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோருடன் இந்திய அணியாக ஆசிய லீ மான்ஸ் தொடரில் இறங்கினார். அடுத்து பழைய டூவீலர் வாங்கி விற்கும் தொழிலில் கவனம் திரும்பியது. அப்படிப்பட்டவர் பெயர்தான் 48 வயதில் 2025-26 ஆசிய லீ மான்ஸ் தொடருக்கு அறிவிக்கப்பட்டது.

மாட்டு வண்டி சாரதி மாதிரிதான்

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை புரிய வைப்பது கஷ்டம் இல்லை. தென்மாவட்டங்களில் கோவில் கொடை, பொங்கல் என்றால் மாட்டு வண்டி பந்தயம் நடக்கும். பெரிய மாட்டு வண்டி, சின்ன மாட்டு வண்டி, பூஞ்சிட்டு என்று தனித்தனியாக விடுவார்கள். கயிற்றை பிடிப்பவர் சாரதி. அவருக்கு உதவியாக துணை சாரதி.

எத்தனையோ வருடம் ஓட்டிய சாரதி, வயசாகிவிட்டது என்று கயிற்றை மகன் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் பந்தயம் அன்று காலையில் அவரால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. முதல் ஆளாக ரோட்டோரம் போய் நிற்பார். வண்டி கடந்து போகும்போது "விடாதே, இழுத்து பிடி" என்று கை தானாக ஆடும். கார் பந்தய வீரரின் நிலைமையும் இதேதான். 7, 8 வயதில் சின்ன கார்ட் வண்டியில் ஆரம்பித்து 30 வருடம் அதையே செய்தவருக்கு வேறு வேலை மனதுக்கு ஒட்டாது.

அரை புள்ளியில் பட்டம்

திரும்பி வந்து ஜெயித்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியா நாட்டின் நிக்கி லாடா. 1975-ல் உலக சாம்பியன். 1976 ஆகஸ்டு 1-ந் தேதி ஜெர்மனி பந்தயத்தில் கார் தீப்பிடித்து முகம் வெந்துபோனது. பிழைப்பாரா என்றே சந்தேகம். ஆனால் 6 வாரத்தில், காயம் ஆறும் முன்பே இத்தாலி பந்தயத்துக்கு வந்து 4-வதாக முடித்தார். 1977-ல் மறுபடியும் சாம்பியன் ஆனார்.

1979-ல் கனடா பந்தயத்துக்கு பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே திடீரென்று விலகினார். வட்டம் வட்டமாக ஓட்டியே சலித்துவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். சொந்தமாக விமான கம்பெனி தொடங்கினார்.

1981-ல் மெக்லாரன் அணியின் காரை ஓட்டி பார்த்தார். கை பழக்கம் போகவில்லை என்று தெரிந்த பிறகே 1982-ல் பந்தயத்துக்கு திரும்பினார். விமான கம்பெனிக்கு பணம் தேவைப்பட்டதும் ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. திரும்பி வந்து 3-வது பந்தயத்திலேயே வெற்றி!

1984-ல் அதே அணியில் இளம் வீரர் அலைன் புரோஸ்ட் 7 பந்தயம் ஜெயித்தார். லாடா ஜெயித்தது 5 தான். ஆனால் வருட கடைசியில் லாடாவுக்கு 72 புள்ளி, புரோஸ்டுக்கு 71.5 புள்ளி. வெறும் அரை புள்ளியில் பட்டம் லாடாவுக்கு போனது. சின்ன பையனை விட வேகம் குறைவாக இருந்தாலும் காரை பக்குவமாக ஓட்டி, கிடைத்த இடத்தில் எல்லாம் புள்ளி சேர்த்தார். வயசான வீரரின் பலம் இதுதான்.

அந்த புரோஸ்டும் பின்னாளில் 1992 முழுவதும் ஓட்டாமல் இருந்தார். 1993-ல் வில்லியம்ஸ் அணிக்கு வந்து 4-வது முறை சாம்பியன் பட்டம் வென்ற கையோடு ஓய்வு பெற்றார்.

பேரும் போகலாம்

எல்லோருக்கும் இப்படி அமைவது இல்லை. 7 முறை உலக சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர் 2006-ல் விலகினார். 2010-ல் மெர்சிடஸ் அணிக்காக 41 வயதில் திரும்பினார். பழைய வெற்றிகளில் கூட இருந்த ராஸ் பிரான்தான் அணிக்கு தலைவர். இளமையில் தன்னை வளர்த்துவிட்ட கம்பெனியும் மெர்சிடஸ்தான். கூப்பிட்டதும் மறுக்க முடியவில்லை.

ஆனால் 3 வருடத்தில் ஒரு வெற்றி கூட இல்லை. 2012-ல் ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் 3-வது இடம் வந்ததுதான் பெரிய பலன். கூட ஓட்டிய நிக்கோ ரோஸ்பெர்க் பெரும்பாலும் முன்னால் போனார்.

ஏன் இப்படி? அவர் இல்லாத 3 வருடத்தில் விளையாட்டே மாறிவிட்டது. பந்தயத்துக்கு நடுவில் பெட்ரோல் நிரப்புவது 2010-ல் நிறுத்தப்பட்டது. டயர்களும் மாறின. பழைய காலத்தில் ஷூமாக்கர் டிராக்கில் நாள் கணக்கில் ஓட்டி பார்த்து காரை தன் கைக்கு தகுந்த மாதிரி மாற்றிக்கொள்வார். திரும்பி வந்தபோது அப்படி இஷ்டத்துக்கு சோதனை ஓட்டம் ஓட்ட தடை. அவருடைய பெரிய ஆயுதமே பறிபோன மாதிரி ஆகிவிட்டது.

இன்னும் பரிதாபம் இங்கிலாந்தின் நைஜல் மான்செல் கதை. 1992 சாம்பியன். 1995-ல் மெக்லாரன் அணிக்கு வந்தார். கார் சீட் அவர் உடம்புக்கு பத்தவில்லை. அகலமாக வேறு கார் செய்து தரும்வரை 2 பந்தயம் போய்விட்டது. அதற்கு பிறகு 2 பந்தயம் மட்டும் ஓட்டிவிட்டு மூட்டை கட்டினார்.

கழுத்தில் 30 கிலோ

பார்முலா-1 காரில் திரும்ப வருவது ஏன் கஷ்டம்? முதல் எதிரி கழுத்து. வேகமாக வளைவில் திரும்பும்போது உடம்பு எடை 5 மடங்காக அழுத்தும். தலையும் ஹெல்மெட்டும் சேர்த்து சுமார் 6 கிலோ. வளைவில் அது 30 கிலோ ஆகிவிடும். 25 கிலோ அரிசி மூட்டையை விட அதிக எடையை கழுத்து பக்கவாட்டில் தாங்க வேண்டும். அதுவும் ஒரு சுற்றில் பல தடவை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வெயில் நாளில் 2, 3 கிலோ எடை வியர்வையாகவே போய்விடும்.

2009-ல் காயம்பட்ட பெலிப்பே மாசாவுக்கு பதிலாக ஷூமாக்கர் ஓட்டுவதாக இருந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளில் விழுந்ததில் கழுத்தில் பட்ட அடி சரியாகாததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஏழு முறை சாம்பியனுக்கே இந்த கதி.

பணம்தான் காரணமா?

பணமும் ஒரு காரணம்தான். ஆனால் முழு காரணம் இல்லை. பந்தய அணி நடத்துவது யானையை கட்டி தீனி போடுவது மாதிரி. டயர், எரிபொருள், மெக்கானிக், விமான செலவு என்று பணம் தண்ணீராக ஓடும். விளம்பர கம்பெனிகள் காசு போட்டால்தான் கார் நகரும். நரேனுக்கே பார்முலா-1 காலத்தில் டாடா கை கொடுத்தது.

சாம்பியன் பெயர் அணியில் இருந்தால் விளம்பரம் தேடி வரும். பத்திரிகைகாரர்கள் வருவார்கள். இளம் வீரர்களுக்கு சொல்லி கொடுக்கவும் ஆள் கிடைக்கும். எந்த இடத்தில் பிரேக் பிடிக்கணும், டயர் எப்போது தேயும், மழை வந்தால் எந்த பக்கம் ஒதுங்கணும் என்பது புத்தகத்தில் படித்து வருவது இல்லை. அதனால் அணிகளும் பழைய ஆளை தேடுகின்றன.

விட்ட குறையும் உண்டு. நரேன் 2009-ல் பிரான்சில் நடந்த லீ மான்ஸ் 24 மணி நேர பந்தயத்துக்கு போனார். பந்தயம் தொடங்கும் முன்பு தோள்பட்டையில் அடிபட்டு காரில் ஏற முடியாமல் போனது. அப்படிப்பட்டவருக்கு லீ மான்ஸ் என்ற பெயரே மனதில் முள்ளாக இருக்கும் என்று ரசிகர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

புத்திசாலித்தனமான வழி

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இப்போது திரும்பி வருபவர்கள் பலர் பார்முலா-1 பக்கம் போவது இல்லை. நீண்ட நேர பந்தயத்துக்கு போகிறார்கள். ஆசிய லீ மான்ஸ் தொடரில் ஒவ்வொரு பந்தயமும் 4 மணி நேரம். துபாய் பந்தயம் 24 மணி நேரம். ஒரே காரை 2, 3 பேர், சில சமயம் அதற்கும் மேல், முறை வைத்து ஓட்டுவார்கள்.

வீரர்களை அவர்களுடைய சாதனை, வயது பார்த்து பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறார்கள். பல பந்தயங்களில் ஒரே காரில் எல்லோரும் பிளாட்டினமாக இருக்க முடியாது. அனுபவசாலியும் புது ஆளும் கலந்துதான் இருக்கணும் என்பது விதி. அதனால் 45, 50 வயதுக்காரருக்கும் மரியாதையான இடம் இருக்கிறது. கழுத்துக்கும் அத்தனை பாரம் இல்லை. ஒரு சுற்று வேகத்தை விட தப்பு செய்யாமல் காரை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதுதான் பெரிசு.

பெர்னாண்டோ அலோன்சோ 2018-ல் பார்முலா-1-ஐ விட்டு விலகினார். ஆனால் பந்தயத்தை விடவில்லை. 2018, 2019-ல் லீ மான்ஸ் பந்தயத்தை டொயோட்டா காரில் ஜெயித்தார். 2020-ல் டக்கார் பாலைவன ராலியும் ஓட்டினார். கை சூடு ஆறாமல் இருந்ததால் 2021-ல் பார்முலா-1-க்கு திரும்பியபோது தடுமாற்றம் அதிகம் இல்லை. கத்தார் பந்தயத்தில் 3-வது இடம் வந்தார்.

அஜித் கதையும் இதுதான். அவர் பந்தய சாம்பியன் இல்லை. ஆனால் 2003-ல் ஆசிய பார்முலா பி.எம்.டபிள்யூ., 2010-ல் பார்முலா-2 என்று ஓட்டியவர். பிறகு நீண்ட இடைவெளி. 2024-ல் சொந்த அணி தொடங்கி, 2025 ஜனவரியில் 53 வயதில் துபாய் 24 மணி நேர பந்தயத்தில் இறங்கினார். பயிற்சியில் கார் தடுப்பில் மோதி சுழன்றது. காயம் இல்லை. அதன் பிறகு அவர் தன் ஓட்டும் பங்கை மாற்றி அமைத்துக்கொண்டார். அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. வீம்புக்கு நிற்காமல் விட்டு கொடுத்ததால் அணிக்கு பலன் கிடைத்தது.

ஆக, ஓய்வு பெற்றவரை திரும்ப இழுப்பது பழக்கமும் விட்ட குறையும். கூடவே பணமும் கொஞ்சம் சேரும். ஆனால் திரும்பி வந்தவர் ஜெயிப்பதும் தோற்பதும், தன் வயசுக்கு எந்த கார், எந்த பந்தயம் சரி என்று கணக்கு போடுவதில்தான் இருக்கிறது.

ரோடு வேறு, டிராக் வேறு

துபாயில் அஜித் தப்பித்ததற்கு காரணம் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. பந்தய காரில் டிரைவரை சுற்றி இரும்பு கூண்டு இருக்கும். தீப்பிடிக்காத உடை, கழுத்தை காக்கும் பட்டை, டிராக் ஓரத்தில் டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக நிற்கும். எதிரே லாரி வராது.

திருமங்கலம்-கொல்லம் ரோட்டில் இது எதுவும் கிடையாது. எலுமிச்சை ஏற்றிய லோடு ஆட்டோ, பள்ளிக்கூட பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் வரும் ரோடு அது. பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகன சட்டப்படி முதல் தடவை 5 ஆயிரம் ரூபாய் வரை, அடுத்த தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஜெயிலும் உண்டு.

உண்மையிலேயே ஆசை உள்ள பையன்களுக்கு தமிழ்நாட்டிலேயே டிராக் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயங்கள் நடக்கின்றன. இந்தியாவில் ஓட்ட இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பு தரும் பந்தய லைசென்ஸ் வாங்கணும். உடல் தகுதி சான்றும் காட்டணும். புதுசாக வரும் பையனும் சரி, ஓய்வை முடித்து வரும் சாம்பியனும் சரி, லைசென்சும் டாக்டர் சான்றும் இல்லாமல் காரில் ஏற முடியாது.