அடுப்புக்கு மேலே அரிஷ்டமா?

பிள்ளை பெற்ற வீடு என்றால் அலமாரியில் ஒரு தசமூலாரிஷ்டம் பாட்டில் நிச்சயம் இருக்கும். அரிஷ்டம் ஆயுர்வேத மருந்து. நான் படித்ததோ சித்தம். ஆனாலும் அந்தப் பாட்டிலோடு என்னிடம் வருகிறவர்களுக்குக் குறைவில்லை.

போன சித்திரையில் ஒரு பாட்டியம்மா வந்தார். "டாக்டர், மூத்தவ பிரசவத்துக்கு வாங்கினது. பாதி மிச்சமிருக்கு. அரிஷ்டம் பழசானா வீரியம் கூடும்பாங்களே, சின்னவளுக்குக் கொடுக்கலாமா?"

மூடியைத் திறந்தேன். காடி நெடி மூக்கில் ஏறியது. எங்கே வைத்திருந்தார் என்று கேட்டால், "கேஸ் அடுப்புக்கு மேலே ஷெல்ஃபுலதான்!" என்கிறார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நாள்பட்ட அரிஷ்டம் மேலானது என்று ஆயுர்வேத நூல்களே சொல்கின்றன. ஆனால் அது எங்கே இருந்து நாள்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

அரிஷ்டம் எப்படி உண்டாகிறது? மூலிகைக் கஷாயத்தில் வெல்லம், தாதகிப் பூ முதலியவற்றைச் சேர்த்து மூடி வைப்பார்கள். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இனிப்பைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். தசமூலாரிஷ்டத்தில் இது 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். யாரும் சாராயத்தை ஊற்றுவதில்லை, தானாக ஊறுவது. மருந்தைக் கெடாமல் காப்பதும் இதுதான். திராட்சை ஒயினுக்கும் இதே கதைதான். அந்தக் காலத்தில் பானைக்குச் சீலைமண் செய்து தானியக் குவியலிலோ மண்ணுக்குள்ளோ புதைத்தார்களே, ஏன்? பகல் வெயிலும் இரவுக் குளிரும் எட்டாமல் சூடு ஒரே சீராக இருக்கத்தான். ஐரோப்பாவில் ஒயினை 12, 13 டிகிரி நிலவறையில் வைப்பதும் இதற்காகவே.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? சமைக்கும்போது ஷெல்ஃப் கொதிக்கிறது, ராத்திரி ஆறுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் ரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. மிச்சமிருக்கும் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கினால் வாயு சேர்ந்து, திறக்கும்போது பொங்கும். பாதி காலியான பாட்டில் என்றால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் காற்றின் துணையோடு வேறொரு கிருமி ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். 30 டிகிரி அதற்குக் கொண்டாட்டம்! அப்புறம் மருந்தைக் காக்க அங்கே என்ன இருக்கிறது? புளித்ததைக் குடித்தால் வயிறு எரியும்.

ஆகவே பாட்டிலை அடுப்பு, ஜன்னல், ஃபிரிட்ஜின் தலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய பரண் எதிலும் வைக்காதீர்கள். வெளிச்சம் படாத உள் அறையில், அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். கத்திரி வெயிலில் ஃபிரிட்ஜுக்குள் வைத்தாலும் பாதகமில்லை. படிவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அடியில் படிவதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், குலுக்கிக் குடிக்கலாம். நுரை, பூஞ்சணம், காடி நெடி இருந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். பாதி தீர்ந்ததும் மிச்சத்தை, கழுவி நன்றாக உலர்த்திய சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி இறுக மூடுங்கள். லேபிளில் உள்ள தேதி தாண்டியதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. ஆல்கஹால் இருப்பதால் கர்ப்பிணிகள், ஈரல் நோயாளிகள், குடியை நிறுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக இதைக் குடிக்கக் கூடாது. வெல்லம் இருப்பதால் சர்க்கரை நோயாளிகளும் அப்படியே. தாய்ப்பால் கொடுப்பவருக்கு அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பாட்டியம்மா அல்ல!

அந்தப் பாட்டில் என் வீட்டுச் சாக்கடையில் போயிற்று. "முந்நூறு ரூபாய் டாக்டர்!" என்று பாட்டியம்மா முணுமுணுத்துக்கொண்டே போனார்.