டிபி கிருமி மருந்துக்கு ‘டிமிக்கி’ கொடுப்பது எப்படி? காட்டிக்கொடுத்த ஜெல்லிமீன் வெளிச்சம்!

டிபி வந்தால் பொதுவாக 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆனால், சில வாரங்களிலேயே இருமல் குறைந்து உடம்பு தேறிவிடும். ‘அதான் சரியாயிடுச்சே’ என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது.

பெரும்பாலான கிருமிகள் சீக்கிரமே செத்துவிடும்போது மிச்ச மாதங்கள் எதற்கு? மருந்தைத் தாங்கிக்கொண்டு பிழைத்திருக்கும் ஒரு சிறு கூட்டத்துக்காக! அந்தக் கூட்டத்தை அடையாளம் காண உதவியது, ஒளிரும் ஒரு புரதம்.

ரெடாக்ஸ்னா என்ன?

நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும், இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்ஸிஜனேற்றம்தான். ஒரு பொருள் எலெக்ட்ரானை இழந்தால் ஆக்ஸிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பெயர்தான் ரெடாக்ஸ். நம் செல்களுக்குள்ளும் இது நொடிதோறும் நடக்கிறது.

இதை அளக்க முன்பு செல்களை உடைத்து, உள்ளே இருப்பதைச் சோதித்தார்கள். செல் செத்துவிடும். கிடைப்பதும் லட்சக்கணக்கான செல்களின் சராசரி மட்டுமே. சராசரியில், தப்பிப் பிழைக்கும் சிறு கூட்டம் காணாமல் போய்விடும்.

ஜெல்லிமீன் எங்கே வந்தது?

பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை ஒரு ஜெல்லிமீனிலிருந்து 1962-ல் பிரித்தெடுத்தார் ஒசாமு ஷிமோமுரா. இதன் மரபணுவை வேறு உயிர்களில் செலுத்தினால் அவையும் ஒளிரும் என்று 1994-ல் காட்டினார் மார்ட்டின் சால்ஃபி. இவர்களோடு, பல நிறங்களை உருவாக்கிய ரோஜர் சியனுக்கும் சேர்த்து 2008-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

2004-ல் அடுத்த கட்டம். ஜிஎஃப்பி-யில் சிஸ்டீன் எனும் இரண்டு அமினோ அமிலங்களை அருகருகே பொருத்தினார்கள். ஆக்ஸிஜனேற்றம் கூடினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும், குறைந்தால் பிரிந்துவிடும். இந்த சென்சாரின் பெயர் ஆர்ஓஜிஎஃப்பி.

சிம்பிளா சொன்னா, கைகோத்திருக்கும்போது ஊதா ஒளி பட்டால் நன்றாக ஒளிரும். பிரிந்திருக்கும்போது நீல ஒளிக்கு நன்றாக ஒளிரும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் செல்லின் நிலை தெரிந்துவிடும். விகிதம் என்பதால், ஒரு செல்லில் சென்சார் கூடக் குறைய இருந்தாலும் பிரச்சினை இல்லை. மரபணு செல்லுக்குள் இருப்பதால், சென்சாரை செல்லே தயாரித்துக்கொள்ளும்.

டிபி கிருமிக்குள் என்ன தெரிந்தது?

டிபி கிருமி தன்னைக் காத்துக்கொள்ள மைக்கோதியால் என்ற வேதிப்பொருளை வைத்திருக்கிறது. அதை உணரும்படி இந்த சென்சாரை மாற்றியமைத்து, 2014-ல் ஆய்வு வெளியிட்டது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அமித் சிங் குழு.

நம் நோய் எதிர்ப்பு செல்லான மேக்ரோஃபேஜுக்குள் பதுங்கிய கிருமிகள் ஒரே மாதிரி இல்லை. சில ஆக்ஸிஜனேற்றமடைந்த நிலையில், சில ஒடுக்க நிலையில். மருந்து கொடுத்தபோது, ஒடுக்க நிலையில் இருந்தவையே அதிகம் தாக்குப்பிடித்தன.

இந்த நிலை ஏன் வருகிறது? மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் அமிலத்தன்மை ஒரு முக்கியக் காரணம் என்று அதே குழு 2019-ல் கண்டறிந்தது. கிருமியைக் கொல்ல நம் உடல் எடுக்கும் ஆயுதமே, அதில் சிலவற்றைத் தயார்படுத்திவிடுகிறது! அமிலத்தன்மையைக் குறைக்கும் குளோரோகுயினை டிபி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, எலி, கினிப்பன்றிகளின் நுரையீரலில் கிருமிகள் குறைந்தன. இது விலங்குகளில் கிடைத்த முடிவு மட்டுமே. யாரும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

நமக்கும் இந்த டெஸ்ட் எடுப்பார்களா?

வாய்ப்பில்லை. செல்லின் மரபணுவில் கை வைக்க வேண்டும் என்பதால் இது ஆய்வகக் கருவிதான். ஆனால், புதிய மருந்து ஒன்று அந்தப் பிடிவாதக் கூட்டத்தைத் தொடுகிறதா என்று முன்கூட்டியே பார்க்க முடியும். சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் முயற்சிக்கு இது முக்கியம். அதுவரை, இருமல் நின்றாலும் டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.