உங்களுக்குத் தெரியுமா? தோள் சொல்லும் பதவி

இலங்கை இராணுவ அதிகாரியின் தோளில் ஒரு நட்சத்திரம் என்றால் அவர் இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு என்றால் லெப்டினன்ட், மூன்று, கெப்டன். மேஜருக்கு நட்சத்திரமே இல்லை, அரச இலச்சினை மட்டும். அதனுடன் ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கேணல், இரண்டு கேணல், மூன்று பிரிகேடியர்.

● முன்னர் அந்த இலச்சினையின் இடத்தில் பிரித்தானிய முடி இருந்தது. 1972இல் நாடு குடியரசானதும் முடி இறங்கி, வாளேந்திய சிங்கம் ஏறியது.

● படையணிச் சின்னம் தொப்பிக்குரியது. பெரே தொப்பியில் அது இடக்கண்ணுக்கு நேர் மேலே அமைய வேண்டும்.

● படைவீரரென்று பிறரை நம்பவைக்க மற்றவர்கள் இவற்றை அணிவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

சவளக்கடை, கல்முனைப் பக்கத்துக் கடேற் மாணவர்களே, உங்கள் சின்னத்தையும் நேராக, துலக்கமாக அணியுங்கள். அது பயிற்சியால் பெற்ற மதிப்பு.