வழியில் தவறிய கடவுச்சீட்டு

கடிதம் வழியில் தவறினால் மற்றொன்று எழுதிக்கொள்ளலாம். காசுக்கட்டளை தவறினால் பற்றுச்சீட்டைக் காட்டித் தபாற்கந்தோரில் விசாரிக்கலாம். ஆனால், பிரயாணத்துக்கு நாள் குறித்த பின்னர் கடவுச்சீட்டு வழியில் தவறிவிட்டால், அதற்கு ஈடாக விமான நிலையத்தில் வேறெதனையும் காட்ட இயலாது. விமானச்சீட்டு கையில் இருக்கும், பெட்டியும் கட்டியாகிவிட்டிருக்கும். எனினும் சென்னையில் நடக்கவிருக்கும் திருமணமோ, வளைகுடா நாட்டில் காத்திருக்கும் வேலையோ, கனடாவில் பல்கலைக்கழகம் திறக்கும் நாளோ எவருக்காகவும் தாமதித்து நிற்பதில்லை. அத்தகைய வேளையில் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதனை மனம் அமைதியாக இருக்கும்போதே அறிந்து வைத்தல் நன்று.

கடவுச்சீட்டு இன்று நாம் காணும் சிறு நூல் வடிவத்தைப் பெற்றது முதலாம் உலக மகாயுத்தத்துக்குப் பின்னராகும். 1920-ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸ் நகரிலே கூடிய மாநாடு, எல்லா நாடுகளும் ஒரே தன்மையான 32 பக்க நூலை வழங்குதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இலங்கையில் 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நிறைவேறிற்று. 1949 நவம்பர் முதலாந் திகதி அதற்கெனத் தனித் திணைக்களம் நிறுவப்பட்டது. இவ்வரலாற்றிலிருந்து மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கடவுச்சீட்டு அதனை வைத்திருப்பவரின் சொத்தன்று; அஃது அரசாங்கத்தின் சொத்து. ஆகவே அது தொலைவதும் ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமாக மாத்திரம் நின்றுவிடுவதில்லை.

முன்னாளில் விண்ணப்பகாரர் நேரிற் சென்று கடவுச்சீட்டைக் கையிற் பெற்று வருவதே வழக்கம். இப்பொழுது அது பல கைகள் மாறி வரக்கூடிய காலம். 2023 ஜூன் மாதத்தில், இணைய வழியாக விண்ணப்பித்து, பிரதேச செயலகத்தில் விரலடையாளம் கொடுத்து, கூரியர் மூலம் வீட்டிலேயே கடவுச்சீட்டைப் பெறும் ஏற்பாடு இலங்கையில் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு விசாவுக்காகக் கொடுக்கப்பட்ட கடவுச்சீட்டும் விண்ணப்ப நிலையத்திலிருந்து பல வேளைகளிற் கூரியர் மூலமே திரும்பி வருகிறது. நாள் முழுதும் வரிசையில் நிற்கும் சிரமம் இதனால் நீங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அலுவலகத்தின் மேசைக்கும் வீட்டின் வாசலுக்கும் இடையில் உள்ள அந்த ஓரிரு நாட் பாதையைப் பற்றி ஒருவர் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

அப்பாதையிற் பெரும்பாலும் தவறு நேர்வது விலாசத்தினாலேயாம். முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்வோம். களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தையொட்டி அமைந்த இப்பகுதிக்குத் தமிழில் முகத்துவாரம் என்றும், சிங்களத்தில் மோதர என்றும், ஆங்கிலத்தில் முட்வால் என்றும் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மட்டக்களப்பிலும் ஒரு முகத்துவாரம் உண்டு. இங்கே தோட்டங்களுக்குள் ஒரே மதிப்பீட்டு இலக்கத்தின் கீழ்ச் சாய்கோடிட்டுப் பல வீடுகள் இருக்கின்றன. பழைய இலக்கமும் புதிய இலக்கமும் ஒருங்கே வழங்குவனவும் உண்டு. தோட்டத்திலிருந்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தவரின் அடையாள அட்டையிற் பழைய விலாசமே நின்றுவிடுவதும் உண்டு. இத்தனைக்கும் நடுவில், புதிதாக வேலையிற் சேர்ந்த ஓர் இளைஞன் கையிற் கட்டுடன் ஒழுங்கையில் நின்று வீடு தேடுகிறான் என்பதை நினைத்துப் பார்த்தால், உறைகள் இத்தனை ஒழுங்காக வந்து சேர்வதே வியப்பாகத் தோன்றும்.

இனி, குறித்த நாள் கழிந்தும் கடவுச்சீட்டு வரவில்லை என்று கொள்வோம். முதன்முதலில் வேறு பிரித்து உணர வேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று 'தாமதம்', மற்றொன்று 'தொலைவு'. தாமதத்தைத் தொலைவென்று அவசரப்பட்டு அறிவிப்பதும், தொலைவைத் தாமதமென்று நம்பிக் கைகட்டியிருப்பதும் ஒரேயளவு தீமை பயக்கும். இவ்வேறுபாட்டை நிச்சயிப்பதற்கே முதல் ஓரிரு நாட்களைச் செலவிடுதல் வேண்டும்.

அதற்கு வழி, உறையின் தொடரிலக்கத்தைக் கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதாகும். உறை எந்த நாளில் அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டது? கடைசியாக எந்த இடத்திற் பதிவு செய்யப்பட்டது? கையளிக்கப்பட்டதாக இருந்தால் யார் ஒப்பமிட்டுப் பெற்றார்? இவற்றுள் முதலாவது கேள்வியை வெறும் சம்பிரதாயமாகக் கருதலாகாது. 'வழியில் தவறிவிட்டது' என்று வருந்தும் ஒருவரின் உறை இன்னும் அலுவலகத்திலிருந்தே புறப்படாதிருத்தலும் கூடும்.

விடைக்கேற்பச் செய்ய வேண்டியதும் மாறும். 'வீட்டில் ஒருவரும் இல்லை' என்ற குறிப்பு இருந்தால், உறை அயலிலுள்ள விநியோக நிலையத்திலேயே இருக்கக்கூடும். அடையாள அட்டையுடன் நேரிற் செல்வதே உசிதம். சில நாட்கள் வைத்திருந்து அனுப்பினவருக்கே திருப்பிவிடும் வழக்கம் எங்கும் உண்டாதலால், இதில் ஒரு நாளையும் வீணாக்கலாகாது. 'கையளிக்கப்பட்டது' என்று பதிவாகியிருந்தும் கைக்கு வராவிட்டால், ஒப்பத்தின் பிரதியையும் கையளித்த நேரத்தையும் எழுத்தில் கேட்டல் வேண்டும். அயல் வீட்டிலோ, மூலைக் கடையிலோ, அடுக்குமாடியின் காவலாளியிடமோ நல்லெண்ணத்தோடு ஒப்படைக்கப்பட்ட உறைகள் பல இவ்வாறு வெளிப்படுவதுண்டு. புறப்பட்டதன் பின் யாதொரு பதிவும் இல்லையாயின், உடனே அனுப்பின அலுவலகத்துக்கு எழுதுதல் வேண்டும். ஏனெனில், கூரியர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர் அனுப்பினவரே. முறையான தேடுதலைக் கோரும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடமே உள்ளது. தொலைபேசியிற் பேசினாலும், பேசிய நாள், நேரம், பதிலளித்தவரின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எழுத்திலும் ஒரு முறைப்பாடு அனுப்பி வைத்தல் பின்னர்ப் பயன்படும்.

தேடிப் பயனில்லை எனத் தெளிந்தபின் வருவது பொலிஸ் முறைப்பாடு. முகத்துவாரத்தில் வசிப்பவர் முகத்துவாரம் பொலிஸ் நிலையத்திற் கடவுச்சீட்டு இலக்கத்தையும், அது எவ்வாறு தவறியது என்பதனையும் உள்ளபடி கூறி, முறைப்பாட்டின் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அப்பிரதியுடன் திணைக்களத்துக்கு அறிவித்த பின்னரே புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க இயலும்.

இவ்விடத்தில் ஒரு கணம் நின்று சிந்தித்தல் வேண்டும். தொலைந்ததென ஒருமுறை அறிவிக்கப்பட்ட கடவுச்சீட்டு இரத்துச் செய்யப்படும். நாட்டின் அதிகாரிகள் அதன் இலக்கத்தை இன்டர்போல் எனப்படும் அனைத்துலகப் பொலிஸ் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். தொலைந்த, களவாடப்பட்ட பிரயாண ஆவணங்களுக்கென அந்நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் ஒரு பெரும் பதிவேட்டைத் தொடங்கியது. இன்று அதில் 10 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. தனியாள் எவரும் அதில் ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. ஆதலின், முறைப்பாடு செய்த மறுநாட் காலையில் உறை வாசலுக்கு வந்து சேர்ந்தாலும், அக்கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குச் செல்லலாகாது. கட்டுநாயக்காவிலே தடுக்கப்படாதவர் வேற்று நாட்டின் வாசலிலே தடுத்து நிறுத்தப்படலாம். பழைய நூலைத் திணைக்களத்திடம் ஒப்படைத்து, புதியதைப் பெறுவதே முறை.

அப்படியாயின் அறிவிக்காமலே இருந்துவிடலாமே என்று எண்ணுவாரும் உளர். அஃது அதனினும் பெரிய ஆபத்து. 2014 மார்ச் 8-ஆந் திகதி கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் புறப்பட்ட மலேசிய விமானம் மறைந்தபோது, அதிலே இருவர் ஓர் ஒஸ்திரியரினதும் ஓர் இத்தாலியரினதும் கடவுச்சீட்டுக்களிற் பிரயாணஞ் செய்தமை தெரியவந்தது. அவை 2012-ஆம், 2013-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்திற் களவு போனவை. விமானம் மறைந்ததற்கும் அவ்விருவருக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவரவில்லை. ஆனால், அந்நூல்களின் உரிமையாளர்கள் களவை முன்னரே முறைப்படி அறிவித்திருந்தமையால், தாங்கள் அவ்விமானத்திற் செல்லவில்லை என்பதனை எளிதில் விளக்க முடிந்தது. அறிவிக்காதிருந்தால் அவர்கள் நிலை என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, தேடுதலுக்கு எத்தனை நாள், அறிவித்தலுக்கு எந்த நாள் என்பதை உணர்ச்சியால் அன்றிக் கணக்கால் முடிவு செய்தல் வேண்டும். அக்கணக்கைப் பிரயாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் பொருத்தம். உதாரணமாக, பிரயாணத்துக்கு இன்னும் 20 நாட்கள் இருக்கின்றன. செல்லும் நாட்டின் விசாவைப் புதிதாகப் பெற 14 நாட்கள் தேவைப்படும் என்று கொள்வோம். மீதி 6 நாட்கள். புதிய கடவுச்சீட்டுப் பெறுவதற்கும், இடையில் வரும் விடுமுறைகளுக்குமாக 3 நாட்களை ஒதுக்கினால், தேடுவதற்கு எஞ்சுவது 3 நாட்களே. அந்த மூன்றாம் நாள் மாலையில் உறை வராவிட்டால், நாலாம் நாட் காலையிற் பொலிஸ் நிலையத்துக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு நாட் சேவை என்று பெயர் இருப்பினும், எல்லாக் காலத்திலும் ஒரே நாளிற் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்கிடலாகாது. 2024-ஆம் ஆண்டில் அச்சிடப்படாத வெற்றுக் கடவுச்சீட்டு நூல்கள் போதாமற்போய், பத்தரமுல்லையில் மக்கள் நீண்ட வரிசைகளிற் காத்திருந்ததை நாடறியும்.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாகும். காலத்தைப் பெரிதும் விழுங்குவது கடவுச்சீட்டன்று. அதனோடு போய்விட்ட விசாவே. கனடாவைப் போல நூலிலே விசாவை ஒட்டித் தரும் நாடுகளுக்குச் செல்பவர், நூல் தொலைந்தால் புதிய விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டியவராவார். அவுஸ்திரேலியாவோ 2015-ஆம் ஆண்டு முதல் விசாவை நூலில் ஒட்டுவதில்லை; அங்கு செல்பவர் புதிய கடவுச்சீட்டு இலக்கத்தை அறிவித்து, விசாவை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். மின்விசா பெற்றவரும், தொலைந்த நூலின் இலக்கத்துக்குக் கிடைத்த அனுமதியை நம்பிப் புறப்படலாகாது. ஆகவே, கடவுச்சீட்டைத் தேடத் தொடங்கிய அன்றே விசா வழங்கிய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, அவர்களது விதி யாதெனக் கேட்டறிதல் வேண்டும்.

வேலைக்காகச் செல்வோர் விஷயத்தில் இன்னுமொரு படி உண்டு. 1985-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் செய்யப்படும் பதிவும், தொழில் ஒப்பந்தமும் பழைய கடவுச்சீட்டு இலக்கத்தைத் தாங்கியிருக்கும். அவற்றையும் திருத்துவித்தல் அவசியம். விமானச்சீட்டைப் பொறுத்தவரை, பெயர் மாறாதாகையால் இலக்கத்தை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போகும் என்று தோன்றினால், விமானம் புறப்படுவதற்கு முன்னரே அறிவித்துவிடுதல் வேண்டும். சொல்லாமல் வராதுபோன பிரயாணியின் நட்டம், முன்கூட்டிச் சொல்லி நாளை மாற்றியவரின் நட்டத்திலும் பன்மடங்கு பெரிதாக இருத்தல் வழக்கம்.

இந்நட்டத்தை யார் ஈடு செய்வார்? கூரியர் நிறுவனங்களின் பொறுப்பு, அவற்றின் நிபந்தனைகளில் ஒரு சிறு தொகையோடு மட்டுப்படுத்தப்பட்டிருத்தலே பெருவழக்கு. தவறிய பிரயாணத்தின் செலவு அதில் அடங்குவது அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தபாலில் அனுப்பப்பட்ட கடவுச்சீட்டுக் கைக்கு வராவிட்டால், வழங்கப்பட்ட நாளிலிருந்து 120 நாட்களுக்குள் அதற்குரிய படிவத்தில் அறிவிப்பவருக்கு மறுபடியும் கட்டணமின்றி மற்றொன்று வழங்கப்படுகிறது. ஒருவர் கையிற் பெறாத பொருளை அவர் தொலைத்தார் என்று கருதலாகாது என்பதே அதன் நியாயம். இலங்கையிலும், கையில் வந்தே சேராத கடவுச்சீட்டுக்குரியவர் தமது முறைப்பாட்டில் 'தொலைத்துவிட்டேன்' என்று பொதுப்பட எழுதாமல், 'எனக்குக் கையளிக்கப்படவில்லை' என்று தெளிவாக எழுதி, உறையின் தொடரிலக்கத்தையும் சேர்த்தல் வேண்டும். தொலைத்தவரிடம் அறவிடப்படும் மேலதிகக் கட்டணத்தைப் பற்றிப் பேச நேருமாயின், அந்த ஒரு சொல்லே அவருக்குச் சாட்சியாக நிற்கும்.

வருமுன் காக்கும் வழிகள் எளியவை. பிரயாண நாள் அண்மையில் இருந்தால், கூரியரை விடுத்து நேரிற் சென்று பெறுவதே உத்தமம். வீட்டில் பகலில் ஆள் இல்லாதவர் ஆள் உள்ள விலாசத்தைக் கொடுக்கலாம். அதற்கு அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். விலாசத்தில் மதிப்பீட்டு இலக்கம், மாடி, தோட்டத்தின் பெயர், 'கொழும்பு 15' என்னும் தபாற் பிரிவு, தொலைபேசி இலக்கம் ஆகிய யாவும் இருத்தல் வேண்டும். வெள்ளவத்தைக்கு 6 என்றும் கொட்டாஞ்சேனைக்கு 13 என்றும் வழங்கும் அந்தச் சிறு எண், ஊர்ப்பெயரிலும் பார்க்க உறையைச் செவ்வனே நடத்திச் செல்லும். கடவுச்சீட்டின் முதற் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் படமெடுத்துப் பிரதி வைத்திருத்தல் வேண்டும். ஆனால், தொலைந்துவிட்டதென்ற பதற்றத்தில் அப்படத்தைப் பலரும் காணும் இடங்களில் வெளியிடுதல் தீங்கை விலைகொடுத்து வாங்குவதாகும். அலுவலக வாசலில் நின்று 'உடனே எடுத்துத் தருகிறேன்' என்று அணுகும் தரகரிடம் பணங் கொடுத்தலும் அத்தகையதே.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடவுச்சீட்டும் விசாவும் கையில் வந்து சேருமுன் மாற்றவியலாத விமானச்சீட்டை வாங்காதிருத்தல் வேண்டும். சில ஆயிரம் ரூபா மலிவென்று வாங்கிய சீட்டு, ஓர் உறை மூன்று நாள் தாமதித்தால் முற்றாகப் பயனற்றுப் போகும். நோயுற்ற தாயைப் பார்க்கவோ, மரணச் சடங்குக்கோ விரைபவருக்கு இவ்வளவு நிதானம் எளிதன்று என்பது உண்மையே. அவரும் தமது அவசரத்துக்குரிய வைத்தியரின் கடிதத்தையோ மரண அறிவித்தலையோ முறைப்பாட்டுப் பிரதியுடன் சேர்த்துத் திணைக்களத்திலும் விசா அலுவலகத்திலும் நேரிற் காட்டுதல் வேண்டும். அதிகாரி விதியை மாற்ற இயலாதவராயினும், வரிசையில் எந்த விண்ணப்பத்தை முன்னே எடுப்பது என்பதைத் தீர்மானிக்க வல்லவர். அவர் அதனைச் செய்வதற்கு வாய்வார்த்தையிலும் பார்க்க ஒரு கடதாசி மிகுந்த துணையாகும்.