சிநேகிதி வீட்டுப் பூனை

சிநேகிதி வீட்டுக்குப் போனால் அவளுடைய குழந்தையை வாரி எடுத்துக் கொஞ்சுகிறோம். யாரும் தடுப்பதில்லை. பூனையை அப்படிக் கொஞ்சிவிட முடியுமா? பூனையின் அனுமதி வேண்டுமே!

மயிலாப்பூரில் என் சிநேகிதி ஒருத்தி வளர்க்கும் பூனைக்குச் 'சாது' என்று பெயர். பெயரோடு சரி. சோபாவில் நல்ல இடம் அதனுடையது. பால்காரரைக் கண்டால் சீறும். தானே வந்து மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஆசையாக இரண்டு நிமிஷம் தடவினால் 'பளார்' என்று ஓர் அறை, நகத்தோடு! "போன ஜன்மத்திலே நாட்டுப்பெண்ணைப் படுத்தின மாமியாரா இருந்திருக்கும்டி" என்பாள் சிநேகிதி, தன் மாமியார் காதில் விழாதபடி. ஆனாலும் அந்த வீட்டில் நுழைந்தால் என் கண் முதலில் தேடுவது சாதுவைத்தான்.

ஒரு நாள் அது பேரனைப் பிறாண்டிவிட்டது. குழந்தையை டாக்டரிடம் காட்டி ஊசி போட்டார்கள். (செல்லப் பூனைதானே என்று நீங்களும் மஞ்சள் பொடியோடு நிறுத்திவிடாதீர்கள். பூனைகளாலும் வெறிநோய் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.) "சாக்கிலே போட்டு மார்க்கெட்டிலே விட்டுட்டு வா" என்று மாமியார் உத்தரவு போட்டுவிட்டார். எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். தெரு நாய்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே வீட்டில் வளர்ந்த பூனை எத்தனை நாள் தாங்கும்?

உண்மையில் பூனை திடீரென்று அறைவதில்லை. முதலில் வால் நுனி துடிக்கும். முதுகுத் தோல் சிலிர்க்கும். காதுகள் பக்கவாட்டில் மடங்கும். 'போதும் அம்மா, கையை எடு' என்று மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. பேச்சு சுவாரஸ்யத்தில் நாம்தான் கவனிப்பதில்லை. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதர் கை பட்டுப் பழகாத குட்டி என்றால் பயம் இன்னும் அதிகம். சாது இந்த வீட்டுக்கு வந்தபோதே பாதி வளர்ந்த பூனை.

சிநேகிதி இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சாக்கு பரணிலேயே இருக்கிறது. இப்போது, "வால் ஆடறதுடா, கையை எடு!" என்று முதலில் குரல் கொடுப்பவர் மாமியார்தான்.

சரி, விருந்தாளிகளான நாம் என்ன செய்யலாம்? பால் காட்டி வசியம் செய்யப் பார்க்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாவதில்லை. துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். உட்கார்ந்து, அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். வேடிக்கையல்ல. இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். முகத்தில் எந்தப் பாவமும் காட்டாத அந்நியரைவிட, இப்படிக் கண்ணை மூடித் திறந்த அந்நியர் நீட்டிய கையிடம் பூனைகள் அதிகமாக நெருங்கி வந்தனவாம்.

"தூக்கம் வரதாடி? காபி கலக்கட்டுமா?" என்று சிநேகிதி கேட்பாள். கலக்கச் சொல்லுங்கள். அவள் உள்ளே போயிருக்கும் சமயம் பார்த்துத்தான் அது மெல்ல உங்கள் பக்கம் வரும்.